காணாமல் போன ஆடும் களவு போன ஆடும்: ஒரு குற்றக் கணக்கெடுப்பின் நிகழ்வு ஆய்வு

2024 ஆடி மாதம். நெல்லையில் முதுகலைக் குற்றவியல் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் கையால் எழுதிய ஒரு பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தன் ஊர் எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறதோ, அந்த நிலையத்தின் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எழுதிய பட்டியல் அது. சில வகை வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதனால்தான் ஒரு மாணவியால் வீட்டிலிருந்தபடியே இப்படிப் பட்டியல் எடுக்க முடிந்தது.

“சார், எங்க ஊர்ல தெருவுக்கு ரெண்டு வீட்டுல ஆடு போயிருக்கு. இதுல ஒண்ணுகூட இல்ல” என்றார்.

அந்த ஒரு வரிதான் பிறகு அவருடைய ஆய்வேடு ஆனது. நெறியாளராக அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் உண்டு, அவரோடு ஊர் ஊராக நடந்து நானே புதிதாகப் புரிந்துகொண்டதும் உண்டு. இரண்டையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். அளவுசார் ஆய்வு என்றதும் எங்கள் மாணவர்கள் எந்தச் சோதனையைப் போடுவது, எந்த மென்பொருளைப் படிப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எண் தாளுக்கு வருவதற்கு முன் யார் கையில் பிறந்தது, எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்று கேட்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் வேலையின் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஊர்ப் பெயர்களையும், நாங்கள் போய்க் கேட்ட வீடுகளில் கிடைத்த எண்ணிக்கைகளையும் இங்கே தரப்போவதில்லை. சின்ன ஊரில் “புகார் கொடுத்த ஒரே வீடு” என்று எழுதினால் அது எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கணக்கு காட்ட வேண்டிய இடங்களில் உதாரண எண்களைத்தான் வைத்திருக்கிறேன்.

புகார் நடக்கும் பாதை

ஆடு போன வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் மனு கொடுத்தால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. மனு வந்தது என்பதற்கான எண், அவ்வளவுதான். விசாரணையில் ஆடு கிடைத்துவிட்டாலோ, இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொண்டாலோ மனு அந்த நிலையிலேயே முடிந்துவிடும். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவில் உதிர்ந்துபோகிற மனுக்கள் உண்டு.

எஃப்.ஐ.ஆர். ஆனவையும் மேலே போகும்போது உருமாறுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொகுக்கும் ஆண்டறிக்கையில் ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணப்படும். இதற்கு முதன்மைக் குற்ற விதி என்று பெயர். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திப்போன திருச்சி நவல்பட்டு நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். நாடே பேசிய சம்பவம் அது. அப்படி ஒரு வழக்கு ஆண்டறிக்கையில் கொலை என்ற தலைப்பில்தான் சேரும். அதன் தொடக்கம் ஓர் ஆடு என்பது எண்ணில் தெரியாது.

அப்புறம், நாங்கள் ஆய்வு செய்தது சட்டமே மாறிய ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கான பிரிவாக இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) வந்தது. 379 என்று தேடிப் பட்டியல் எடுத்தால் ஜூலைக்குப் பிறகு திருட்டே நின்றுவிட்டது போலத் தோன்றும். மாணவியின் முதல் பட்டியலில் இந்தப் பிழை இருந்தது. எண்ணைப் பார்த்ததுமே அவரே பிடித்துவிட்டார். இதைவிட ஆழமான மாற்றம் ஒன்றும் உண்டு. புதிய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 5,000 ரூபாய்க்குக் கீழ் மதிப்புள்ள பொருளின் திருட்டு இப்போது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் வகையில் இல்லை. நன்றாக வளர்ந்த கிடாய்க்கும் பால் மறக்காத குட்டிக்கும் சந்தையில் ஒரே விலையா? குட்டிக்கு எவ்வளவு மதிப்புப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே இனி அந்தத் திருட்டு எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பது முடிவாகும். குற்றம் கூடியதா குறைந்ததா என்று ஜூலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் போகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

மாணவி ஒரு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டும் பார்த்தார். ஆடு காணாமல் போனதாக வந்த மனுக்கள் எத்தனை, ரசீதோடு முடிந்தவை எத்தனை என்று கேட்டிருந்தார். அப்படித் தனியாகத் தொகுத்து வைக்கவில்லை என்று பதில் வந்தது. அவர் சோர்ந்துபோனார். எனக்கு அந்தப் பதிலே ஒரு தரவாகத் தெரிந்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அதை அப்படியே இணைக்கச் சொன்னேன்.

போலீஸ் ஏட்டுக்கு வராத குற்றங்களைக் குற்றவியலில் இருண்ட எண்ணிக்கை என்பார்கள். அதை அறிய முக்கியமான வழி, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரே போய்க் கேட்பது. அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்தில் 1982 முதலும் வீடு வீடாகப் போய் இப்படிக் கேட்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம், மூன்று ஊரில், ஊருக்கு 20 வீட்டில்.

“களவெல்லாம் போகல தாயி”

முதல் கேள்வித்தாளில் நான்காவது கேள்வி இப்படி இருந்தது: “கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் ஆடு திருடப்பட்டதா? ஆம் / இல்லை.” பார்த்தால் குறையே தெரியாது. நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

முன்னோட்டத்துக்குப் போன தெருவில் ஒருவர்கூட ஆம் என்று சொல்லவில்லை. கடைசி வீட்டில் ஓர் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து அகத்திக் கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். “களவெல்லாம் போகல தாயி” என்றார். மாணவி இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்தார். அந்த நேரம் ஆச்சி தன்பாட்டுக்குச் சொன்னார்: “கன்னி ஆடு ஒண்ணு, சினையா இருந்துச்சு. விடியக்காலம் பார்த்தா காணோம். கயிறு அறுந்து கெடக்கு.”

மாணவி திரும்ப உட்கார்ந்தார். “அப்போ அது களவுதானே ஆச்சி?”

“யாரு எடுத்தான்னு நான் பார்த்தனா? பாக்காம ஒருத்தன்மேல பழி போடக் கூடாதுல்லா.”

அந்தத் திண்ணையில்தான் எங்கள் ஆய்வு தொடங்கியது என்பேன். நம் ஊரில் ‘களவு’ என்றால் களவாண்டவன் என்று ஒருவன் இருக்கிறான். சொன்னால் அவன் யார் என்ற அடுத்த கேள்வி வரும். ‘காணாமப் போச்சு’ என்றால் யார்மேலும் பழி இல்லை. ஒரே இழப்புக்கு இரண்டு சொல். கேள்வித்தாள் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை முழுதாக விட்டுவிட்டது. ஆச்சி பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. எங்கள் கேள்விக்கு அவர் மொழியில் சரியான பதிலே ‘இல்லை’ என்பதுதான்.

அன்று இரவே கேள்வியை மாற்றினோம். சட்டப் பெயரை முதலில் சொல்லாமல், நடந்ததை நினைவுக்குக் கொண்டுவரும் கேள்வியாக வைப்பதுதான் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்புகளின் வழக்கம். வகைப்படுத்தும் வேலையைப் பதில் சொல்பவர் தலையில் போடாமல் ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய கேள்வி வரிசை இப்படி ஆனது: பொங்கலன்று உங்கள் பட்டியில் எத்தனை உருப்படி இருந்தது? இப்போது எத்தனை? இடையில் போட்ட குட்டி எத்தனை, விற்றது எத்தனை, வாங்கியது எத்தனை, நோயில் செத்தது எத்தனை, கோயிலுக்கு வெட்டியது எத்தனை? கூட்டிக் கழித்து மிச்சம் இடித்தால், “இந்த ரெண்டு உருப்படி என்ன ஆச்சும்மா?” என்று கேட்க வேண்டும்.

ஆடு வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கை விரல் மடக்கிச் சொல்லிவிடுகிறார்கள். எந்த ஆடு எப்போது எத்தனை குட்டி போட்டது என்பது அவர்களுக்கு மனப்பாடம். முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செங்கோடு இருந்தால் செங்கன்னி என்று நிறத்தோடு சொல்வார்கள். அதே தெருவுக்குப் புதிய தாளோடு போனபோது வேறு ஊருக்குப் போனதுபோல இருந்தது.

எந்த நாளிலிருந்து

‘கடந்த ஓராண்டு’ என்பதிலும் சிக்கல் இருந்தது. மனித நினைவு நடந்ததை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடும். ஒன்றரை வருடத்துக்கு முன் போன ஆட்டைப் “போன வருஷம்” என்பார்கள். நினைவின் தொலைநோக்கி விளைவு என்று இதை ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். தூரத்தில் இருப்பது பக்கத்தில் தெரிவதால் அந்தப் பெயர். அமெரிக்கக் கணக்கெடுப்பு கேட்கும் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கிக்கொண்டதற்கும், முதல் முறை போனபோது சொன்னதை வேலியாக வைத்து அடுத்த முறை கேட்பதற்கும் இந்தப் பயம்தான் காரணம்.

எங்களுக்கு இன்னொன்றும் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய அந்த இரண்டு நாளில், தாமிரபரணிக் கரையிலும் குளம் உடைந்த ஊர்களிலும் ஆடு மாடு எவ்வளவு போனது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் மூன்று ஊரில் ஒன்று ஆற்றை ஒட்டியது. ஓராண்டு என்று கேட்டால் வெள்ளத்தில் போன ஆடும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஆற்றங்கரை ஊரில் திருட்டு அதிகம் என்று ஒரு பொய்யான முடிவுக்கு நாங்களே வழி போட்டிருப்போம்.

ஆனால் அதே வெள்ளம் நினைவுக்கு நல்ல மைல்கல் ஆனது. யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. “வெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்கு அடுத்து வந்த பொங்கல்ல இருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று கேட்டால் எல்லை தெளிவாகிவிடுகிறது. உள்ளே இடம் குறிக்க ஊர் நாட்களையே வைத்தோம். குலதெய்வத்துக்குப் போகும் பங்குனி உத்திரம், பக்ரீத், நெல்லையப்பர் ஆனித் தேர், சொரிமுத்தையனார் கோவில் ஆடி அமாவாசை. “தேருக்கு முன்னாலயா பின்னாலயா?” என்றால் யோசிக்காமல் சொல்வார்கள். “ஜூன் மாசமா ஜூலையா?” என்றால் தடுமாறுவார்கள். சட்டம் மாறிய ஜூலை 1க்கு முன்னா பின்னா என்று பிரிக்கவும் தேர்தான் கைகொடுத்தது. அந்த ஆண்டு தேர் ஓடியது ஜூன் 21.

இல்லாத பட்டிகள்

வீடுகளைத் தேர்ந்தெடுக்க மாணவி முதலில் போட்ட திட்டம் டீக்கடையில் தொடங்கியது. அங்கே ஆட்கள் இருப்பார்கள், பேசுவார்கள், விசாரித்தபடி வீடு வீடாகப் போகலாம் என்று. டீக்கடையில் இருப்பவர்கள் ஆண்கள். ஆட்டைப் பார்ப்பவர்கள் பாதிக்கு மேல் பெண்கள். மேலத்தெருவில் தொடங்கினால் கீழத்தெருவுக்கும் காலனிக்கும் போவதற்குள் 20 வீடு முடிந்துவிடும். நிலம் இல்லாத குடும்பத்துக்கு ஆடுதான் வங்கிக் கணக்கு என்பதால், விட்டுப்போகிற அந்தத் தெருக்களில்தான் எங்கள் கேள்விக்கான பதில் அதிகம் இருந்தது.

அதனால் முதல் வேலையாக ஒவ்வொரு ஊரையும் முழுதாக நடந்து, தெரு வரைபடம் போட்டு, பூட்டிய வீடு உட்பட எல்லா வீட்டுக்கும் எண் எழுதினார். பிறகு ஆடு வைத்திருக்கிற வீடுகளை மட்டும் பட்டியல் எடுத்து, சீட்டுப் போட்டு முதல் வீட்டை எடுத்து, அங்கிருந்து சீரான இடைவெளியில் மற்ற வீடுகளைக் குறித்தார். நடைமுறை சரி. பட்டியலில்தான் பெரிய ஓட்டை இருந்தது. இதை நான் கவனிக்கவில்லை, அவர்தான் கண்டுபிடித்தார்.

வரைபட நடையின்போது ஒரு வீட்டின் பின்னால் முள்வேலிப் பட்டி இருந்தது, உள்ளே ஆடு இல்லை, புல் முளைத்திருந்தது. விசாரித்தால் ஒரே ராத்திரியில் இருந்தது எல்லாம் போய்விட்டது, அதற்கப்புறம் அவர்கள் ஆடு வளர்ப்பதையே விட்டுவிட்டார்கள். ‘ஆடு வைத்திருக்கிற வீடுகள்’ என்ற பட்டியலில் அந்த வீடு இல்லை. எல்லாவற்றையும் இழந்தவர்கள் கணக்கெடுப்பிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மட்டும் இழந்தவர்களும் ஒன்றும் இழக்காதவர்களும் மிஞ்சுகிறார்கள். பட்டியல் விதியை “பொங்கலிலிருந்து எப்போதாவது ஆடு வைத்திருந்த வீடு” என்று மாற்றி மூன்று ஊரையும் திரும்ப நடந்தார். பத்து நாள் கூடுதல் வேலை. அந்தப் பத்து நாளுக்காக அவரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

நேரமும் பார்க்க வேண்டியிருந்தது. பகல் 11 மணிக்குப் போனால் ஆடும் இல்லை, ஆளும் இல்லை, பத்திக்கொண்டு போயிருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டால் மாதிரியில் ஆடு மேய்க்கப் போகாதவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். ஆடு அடையும் நேரத்துக்கு, ஐந்தரை ஆறு மணிக்குப் போனார். பட்டிக்குள் விடும்போது எப்படியும் எண்ணித்தான் விடுவார்கள். அதே எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளலாம்.

2011லிருந்து விலையில்லா ஆடு திட்டம் வந்துபோன ஊர்கள் இவை. கையில் தாளோடு ஒரு பெண் வந்து ஆடு எத்தனை என்று கேட்டால், புதிதாக ஆடு கொடுக்கப் போகிறார்கள் போல என்று சிலர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னார்கள். போலீஸ் அனுப்பிய ஆளோ என்று வேறு சிலர் வாயே திறக்கவில்லை. “நான் காலேஜ்ல படிக்கேன், என்னால ஆடு வாங்கித் தரவும் முடியாது, களவு போனதைப் பிடிச்சுத் தரவும் முடியாது” என்று முதலிலேயே சொல்லிவிடப் பழகினார். பேச்சு குறையும் என்று பயந்தோம், கூடத்தான் செய்தது.

கயிற்று முனை

காணாமல் போன ஒவ்வொரு ஆட்டின் கதையையும் வீட்டுக்காரர் சொன்னபடியே மாணவி எழுதிவந்தார். இனி அதை எண்ணாக்க வேண்டும். எது களவு, எது நரி அல்லது நாய் கொண்டுபோனது, எது வழிதவறிப் போனது?

இந்த அறிவு எங்களிடம் இல்லை, ஆடு மேய்ப்பவர்களிடம் இருந்தது. மூத்த மேய்ப்பர் ஒருவர் இரண்டு கயிற்றுத் துண்டுகளை எடுத்துவந்து காட்டினார். ஒன்றின் முனை பிரிபிரியாக நைந்திருந்தது. ஆடே இழுத்து அறுத்துக்கொண்டது. இன்னொன்றின் முனை சாய்வாக, ஒரே வெட்டில் முடிந்திருந்தது. “கத்தி பட்ட கயிறு இப்படி இருக்கும்” என்றார். நாய் கடித்தால் ரோமமும் ரத்தமும் கிடக்கும். வழிதவறினால் இரண்டு நாளில் வேறு பட்டியில் கேட்டுப் பிடித்துவிடலாம், காது வெட்டு அடையாளம் இருக்கும். மூன்றும் இல்லாமல் ஆடு மட்டும் இல்லையென்றால், அதுவும் அன்று ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டிருந்தால், வேறு என்னவாக இருக்கும்? இதையெல்லாம் விதியாக எழுதி நான்கு வகை வைத்தோம். நான்காவது, சொல்ல முடியாதவை. அந்த வகையை வைக்க மாணவி தயங்கினார். தரவு வீணாகிறதே என்று. தெரியாததைத் தெரியாதது என்று ஒரு கட்டத்தில் வைத்தால்தான் மற்ற மூன்று கட்டமும் நம்பத்தக்கதாக இருக்கும் என்று வற்புறுத்தினேன்.

பிறகு இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், எல்லாக் கதைகளுக்கும் வகை போட்டார்கள். இங்கே ஓர் உதாரணம். 40 கதையில் 32க்கு இருவரும் ஒரே வகை போட்டால் ஒற்றுமை 80 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் களவு, களவல்ல என்று இரண்டே வகை வைத்து, இருவருமே பத்துக்கு ஏழை ‘களவு’ என்று போடுகிறவர்கள் என்றால், கதையைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 58 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும் (0.7 × 0.7 + 0.3 × 0.3). அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இருவரின் ஒற்றுமையை அளக்கும் கப்பா மதிப்பு 0.52 தான் வரும் ((0.80 − 0.58) ÷ (1 − 0.58)). கோஹன் 1960ல் கொடுத்த அளவு இது. 80 என்று எழுதுவதற்கும் 0.52 என்று எழுதுவதற்கும் நடுவில் இருக்கிறது விதிகளைத் திருத்தி எழுதும் வேலை.

ஊரில் பேசி முடித்த கதைகளும் வந்தன. துப்புக்கூலி என்ற சொல்லை ஒரு பெரியவர் சொன்னார். காவல் முறை இருந்த பழைய நாட்களில், போன மாட்டையோ ஆட்டையோ மீட்க, துப்புச் சொல்பவனுக்குக் கொடுக்கும் பணம். இப்போது யாரும் அந்தப் பெயரில் கொடுப்பதில்லை என்றார். ஆனால் ஆடு திரும்பிவந்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதில் மாற்றம் இல்லை. திரும்பிவந்த ஆடும் களவு போன ஆடுதான் என்று விதியில் தனியாக எழுதிவைத்தோம்.

எக்செல்லில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “தெரியல” என்ற பதிலுக்கு மாணவி 99 என்று குறியீடு போட்டிருந்தார். பத்து வீட்டில் ஐந்து ஐந்து ஆடு, பதினோராவது வீட்டில் 99 என்றால் சராசரி 13.5 என்று காட்டும். அப்படி ஒரு வீடே அந்தப் பட்டியலில் இல்லை. தேதியும் அப்படித்தான், 03/07/2024 என்று அடித்ததைக் கணினி மார்ச் 7 என்று எடுத்துக்கொண்டது. ஜூலை 1ல் சட்டம் மாறிய ஆய்வில் இது சின்னப் பிழை அல்ல. எல்லாத் தாளையும் இரண்டு முறை தனித்தனியாக உள்ளிட்டு ஒப்பிட்ட பிறகுதான் நிம்மதி வந்தது.

60 வீடு எத்தனை வீடு

உதாரணத்துக்கு 60 வீட்டில் 9 வீட்டில் களவு என்று வைத்துக்கொள்வோம். 15 விழுக்காடு. பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் வில்சன் முறையில் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி போட்டால், உண்மை 8க்கும் 26க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்று வரும். இதுவே அகலம்தான்.

ஆனால் அந்த 60 வீடும் மாவட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தவை அல்ல. மூன்று ஊரில் 20, 20 ஆக எடுத்தவை. களவு ஊரோடு ஒட்டியது. ஒரு ஊருக்குள் ராத்திரி வண்டி வந்தால் ஒரு தெருவில் நான்கு பட்டி சேர்ந்து போகும். வராத ஊரில் ஒன்றுமே போகாது. ஆகவே ஒரே ஊரின் இரண்டாவது வீடு, முதல் வீடு சொல்லாத புதிய செய்தியைக் கொஞ்சம்தான் சொல்கிறது. இந்த ஒட்டுதலை 0.1 என்று எடுத்துக்கொண்டால் வடிவமைப்பு விளைவு, அதாவது ஊர் ஊராக எடுத்ததால் மாதிரியின் கனம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது, 1 + (20 − 1) × 0.1 = 2.9. அறுபதை 2.9ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21. அத்தனை நாள் நடந்து கேட்ட 60 வீட்டுக்கு, தனித்தனியாக எடுத்த 21 வீட்டின் கனம்தான். இடைவெளி இப்போது 5 முதல் 36 வரை விரிகிறது.

இதைப் பலகையில் போட்டதும் மாணவியின் முகம் வாடியது. “அப்போ ஊருக்கு அஞ்சு வீடா பன்னிரண்டு ஊருக்குப் போயிருக்கணும், இல்ல சார்?” என்று கேட்டார். ஆமாம். அதே 60 வீடு, அதே 0.1, ஆனால் விளைவு 1.4 ஆகியிருக்கும். பேருந்துச் செலவு கூடியிருக்கும், அவ்வளவுதான். களத்துக்குப் போவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போடச் சொல்லாதது என் தவறு. இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வாரத்திலேயே போடச் சொல்கிறேன்.

எண்ணும் அலகிலும் குழப்பம் வந்தது. ஒரு ராத்திரி, ஒரு வண்டி, மூன்று வீடு, ஏழு ஆடு என்றால் நிகழ்வு ஒன்று, பாதிக்கப்பட்ட வீடு மூன்று, போன உருப்படி ஏழு. போலீஸ் ஏட்டில் அது ஒரு வழக்காகவும் வரலாம், மூன்றாகவும் வரலாம். எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதாவிட்டால் படிப்பவர் ஏழை ஒன்றோடு ஒப்பிட்டுவிடுவார்.

கீழே வகுக்கும் எண் அடுத்த சிக்கல். ஆண்டறிக்கைகளில் குற்ற விகிதம் ஒரு லட்சம் மக்களுக்கு என்று வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்துக்கு 30,77,233 பேர். 2019 நவம்பர் 22ல் தென்காசி தனி மாவட்டமானது. பிரிவதற்கு முந்தைய மக்கள்தொகையை வைத்துப் பிரிந்த பிறகான வழக்குகளை வகுத்தால் ஊர் திடீரென அமைதியாகிவிட்டதுபோல இருக்கும். மாநகரக் காவல் தனி அலகு, மாவட்டக் காவல் தனி அலகு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலப்பாளையம் ஆட்டுச் சந்தை கூடும் இடம் மாநகரக் கணக்கில், ஆடு போன பட்டி மாவட்டக் கணக்கில். அப்புறம், ஆட்டுக் களவை ஏன் மனிதத் தலையால் வகுக்க வேண்டும்? ஆடு வைத்திருக்கிற வீட்டாலோ ஆட்டின் எண்ணிக்கையாலோ வகுப்பதுதான் பொருத்தம். 2019ல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு இருக்கிறது. அதற்குப் பின் ஐந்து ஆண்டும் ஒரு வெள்ளமும் கடந்துவிட்டதால், மாணவி தன் மூன்று ஊர்களின் சொந்த எண்ணிக்கையையே கீழே வைத்தார்.

வைவா

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த தேர்வாளர் அக்கறையோடு ஆய்வேட்டை முழுதும் படித்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “சரிம்மா, அப்படின்னா இந்த மாவட்டத்துல வருஷத்துக்கு எத்தனை ஆடு களவு போகுது?”

“அதை என் மாதிரியை வச்சுச் சொல்ல முடியாது சார்” என்றார் மாணவி. “மூணு ஊரை நான் சீட்டுப் போட்டு எடுக்கல, போய்வர முடிஞ்ச ஊரா எடுத்தேன். இந்த மூணு ஊருக்குள்ள, காணாமப் போனதா சொன்ன வீடுகள்ல எத்தனை பேர் ஸ்டேஷனுக்குப் போனாங்க, போனவங்கள்ல எத்தனை பேருக்கு ரசீது கிடைச்சுது, ரசீதுல எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆச்சுன்னு சொல்ல முடியும். போகாதவங்க ஏன் போகலைன்னும் சொல்ல முடியும்.”

போகாததற்கு அவர்கள் சொன்ன காரணங்களை வரிசையாகப் படித்தார். அதில் போலீஸ்மேல் பயம் என்பதைவிட அதிகம் வந்தது, ஆட்டைப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை, ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் மீதி ஆடு பட்டினி என்பது. தேர்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு வகைப்பாடுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையை ஏன் போடவில்லை என்று கேட்டார். அட்டவணையின் சில கட்டங்களில் எதிர்பார்ப்பு எண் ஐந்துக்குக் கீழே இருந்ததால் சின்ன எண்ணிக்கைகளுக்கு ஏற்ற ஃபிஷர் சோதனை போட்டதாகவும், ஊர் ஒட்டுதலால் அதையும் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் மாணவி சொன்னார். தேர்வு அரை மணி நேரத்தில் முடிந்தது.

அவர் இப்போது அதே 60 வீட்டுக்கும் இரண்டாம் சுற்றுக்குத் தயாராகிறார். முதல் சுற்றில் ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக எண்ணிய உருப்படிக் கணக்கு தாளின் மேலே அச்சிடப்பட்டிருக்கும். அதுதான் இந்தச் சுற்றுக்கு வேலி. கூடவே ஒன்பது புதிய ஊர், ஊருக்கு ஐந்து வீடு, இந்த முறை சீட்டுப் போட்டு எடுத்தவை. புல் முளைத்த பட்டி இருந்த வீட்டில் மறுபடி இரண்டு குட்டி வாங்கிவிட்டிருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.